உடைஞ்சா பரவாயில்லை

இடுப்பு பிடித்துக்கொண்ட மனுஷன் கட்டிலிலிருந்து எழுந்திருப்பதில்லை, இறக்கப்படுகிறான். லாரிக்காரரை அன்று காலையில் அவருடைய மனைவி இறக்கினாள். ஒரு பக்கமாகப் புரட்டி, காலைத் தரையில் ஊன்ற வைத்து, அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினாள். பிரிட்ஜை இறக்க அவர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே முறை. "சாய்க்காதே, சாய்க்காதே, நேரா வை" என்று வலிக்கு நடுவிலும் அவர் வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தவன் வீட்டுச் சாமானைத் தூக்கியே தேய்ந்த முதுகு அது. வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், பாதிப்படியில் நின்று அழுகிற குழந்தை என்று எல்லாவற்றையும் சுமந்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க தலையணைக்கு மேல எதையும் தூக்கக் கூடாது" என்றார். டாக்டர் சொல்வதற்கு முன்பே ஊர் அதைச் சொல்லிவிட்டிருந்தது. யூனிஃபார்ம் போட்ட பையன்களோடு ஒரு பெரிய கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து, அவருடைய சின்ன லாரி வாசலில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் மனைவி, அவர் இடுப்பில் தைலத்தை அரக்கித் தேய்த்தபடி. "நிறைய ஆர்டர் வந்தா தூக்க இன்னும் ரெண்டு ஆள் போட்டுட்டு நீங்க ஸ்டியரிங்ல உக்காந்துக்கலாம். ஒண்ணுமே வரலேன்னா படுத்துக்கலாம். நாலஞ்சு மட்டும் வந்துச்சுன்னு வைங்க, நீங்களும் நெட்டையும்தான் தூக்கணும். உங்களை நான் பெட்டியில போட்டு மூட வேண்டியதுதான்."

நெட்டை என்பது அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆள். நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் நுழைந்த வீடு கிடையாது. சொன்னதைச் செய்வான். சொன்னதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான்.

நிறைய ஆர்டர் வரவைக்கிற பொறுப்பைத் தானாகத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டவன் மனைவியின் தம்பி. எதைப் பேசினாலும் "என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்று ஆரம்பிப்பதால் அவனுக்கு ஐடியா என்றே பெயராகிவிட்டது. போனிலேயே ஒரு மார்க்கெட்டிங் வகுப்பைப் பார்த்து முடித்திருந்தான்.

"மாமா, நம்மளைப் பத்தி நாமளே சொல்லிக்கிட்டா அது விளம்பரம் இல்ல. ஊரு சொல்லணும். ஒருத்தன் படிச்சான்னா கை சும்மா இருக்கக் கூடாது, உடனே நாலு பேருக்கு அனுப்பணும்."

"அவனவனுக்கு ஆயிரம் சோலி. என்னைப் பத்தி எதுக்குடா அனுப்பறான்?"

"மனசைத் தொட்டா அனுப்புவான் மாமா."

"சாமானைத் தொட்டாலே உடைஞ்சிருச்சுன்னு சண்டைக்கு வர்றான். மனசை வேற தொடணுமா?"

ஐடியா கேட்கவில்லை. லாரியின் பக்கவாட்டில் நீலப் பெயிண்டில் 'உங்கள் கனவுகளைச் சுமந்து செல்கிறோம்' என்று எழுதவைத்து, அதன் கீழே போன் நம்பரைப் பெரிதாகப் போட்டான். அதையே சூரியன் உதிக்கிற ஒரு படத்தின்மேல் ஒட்டிச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினான். பெரியப்பா கட்டைவிரலைக் காட்டினார். சின்ன அத்தை, 'உனக்கும் காலை வணக்கம்' என்று பதில் போட்டாள். அதோடு அது நின்றுவிட்டது. லாரிக்காரர் தன் ஆயுசில் எத்தனையோ பீரோக்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இப்படி ஒரு அங்குலம்கூட நகராத சாமானை அவர் பார்த்ததில்லை.

சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரன் பக்கத்தில் வந்து நின்று லாரியைப் படித்தான். "கனவு மட்டும்தானா அண்ணே? பிரிட்ஜெல்லாம் ஏத்த மாட்டீங்களா?"

போனும் வந்தது. ஒருவர் மெத்தைக் கடையா என்று கேட்டார். இன்னொரு அம்மா, விடிகாலையில் தன்னைப் பாம்பு துரத்துகிற மாதிரி கனவு வந்ததாகவும் அதற்கு என்ன அர்த்தம் என்றும் விசாரித்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"வேகமா ஓடுங்கன்னு சொன்னேன்."

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரம்மா வீடு மாற்றக் கூப்பிட்டார். கனவைப் படித்துவிட்டு அல்ல. பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொல்லி. லாரிக்காரரைத் தூக்கவிடாமல் மனைவி அவர் கையில் மார்க்கர் பேனாவைத் திணித்தாள். அவள் கட்டக் கட்ட, அட்டைப்பெட்டிமேல் எழுதுகிற வேலை அவருடையது.

எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர்களை எழுதவிட்டால் எல்லாப் பெட்டியிலும் 'ஜாக்கிரதை' என்று எழுதுவார்கள். கண்ணாடிக்கும் ஜாக்கிரதை, தலையணைக்கும் ஜாக்கிரதை. மூன்றாவது பெட்டிக்கு மேல் தூக்குகிறவன் கை அந்த வார்த்தையைக் கண்டுகொள்ளாது. அதனால் அவர் ஒவ்வொரு பெட்டிக்கும் நேராகவே கேட்டுவிடுவார்: "உள்ளதைச் சொல்லுங்க. இது உடைஞ்சா அழுவீங்களா, திட்டுவீங்களா, போனாப் போகுதுன்னு விட்டுடுவீங்களா?" வாயிலிருந்து வருவதை வந்தபடியே எழுதுவார். அழுகிற பெட்டி லாரியில் எல்லாவற்றுக்கும் மேலே போகும். திட்டுகிற பெட்டி நடுவில். விடுகிற பெட்டி அடியில், அதன் தலைமேல் வாஷிங் மெஷின்.

அன்று டாக்டரம்மாவின் மனநிலை சரியில்லை. காலையில் புருஷனோடு ஒரு சண்டை. அவர் அவசர மீட்டிங் என்று சொல்லிவிட்டு வீடு மாறுகிற நாளாகப் பார்த்து ஆபீசுக்குக் கம்பி நீட்டிவிட்டார்.

"இந்தக் கிடார் எப்படிம்மா?"

"அவரோடது. வாசிக்கத் தெரியாது. மாட்டி வைக்கத்தான்."

எழுதினார்.

"இந்த ஓடற மெஷினு?"

"வாங்கின அன்னிக்கு ஓடினது. அப்புறம் துணி காயப்போடறோம்."

எழுதினார்.

"இந்தப் பீங்கான் தட்டெல்லாம்?"

டாக்டரம்மா அந்தத் தட்டுகளைப் பார்த்தார். தங்க விளிம்பு, நடுவில் முட்டைக்கோஸ் பருமனுக்கு ஒரு ரோஜாப்பூ. பெருமூச்சு விட்டார். "மாமியார் குடுத்தது. உடைஞ்சா பரவாயில்லை."

அதையும் எழுதினார்.

புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது, சாமான் ஏற்றினால் கீறல் விழும் என்று வாட்ச்மேன் அதன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாம் படிவழிதான். கீழே இறக்கும்போது பெட்டிமேல் இருப்பதை உரக்கப் படிப்பதும், எந்த அறைக்கு என்று மேலேயிருந்து பதில் கத்துவதும் இந்தத் தொழிலில் வழக்கம். நெட்டைக்குக் குரலும் உயரம்.

"வாசிக்கத் தெரியாத கிடார்!"

"ஹாலுக்கு!" என்றாள் லாரிக்காரரின் மனைவி மாடியிலிருந்து.

"துணி காயப்போடற மெஷினு!"

"பால்கனிக்கு!"

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் மெல்லத் திறந்தன. இரண்டாவது மாடியில் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி போனோடு இறங்கி வாசலுக்கே வந்துவிட்டாள். லாரியின் பக்கவாட்டில் பெட்டியை நெஞ்சோடு அணைத்து நின்ற நெட்டை, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "மாமியார் குடுத்தது, உடைஞ்சா பரவாயில்லை!" என்று முழங்கினான். அவள் படம் எடுத்தாள். பெட்டி கனவுகளை முழுசாக மறைத்துவிட்டது. போன் நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மேலே பெட்டியைப் பிரித்தபோது வாஷிங் மெஷின் தன் வேலையைச் செய்திருந்தது. ஒரு தட்டுகூடத் தேறவில்லை. டாக்டரம்மா ரோஜா இதழ் ஒட்டியிருந்த ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதானேம்மா" என்றார் லாரிக்காரர், பெட்டிமேல் எழுதியிருந்ததைக் காட்டி.

"சொன்னேங்க. நிஜமாத்தான் சொன்னேன். நீங்க இவ்வளவு நிஜமா எடுத்துப்பீங்கன்னு நினைக்கலை."

மறுநாள் காலையில் போன் அடிக்க ஆரம்பித்தது. "அந்த மாமியார் பெட்டி லாரிதானே?" என்று ஒரு பெண்குரல். வைத்தவுடன் இன்னொன்று. அதை வைப்பதற்குள் அடுத்தது. படம் எங்கெங்கோ போய், யார் யார் போனிலோ சிரித்து, கடைசியில் பெரியப்பா மூலமாக ஐடியாவுக்கே வந்து சேர்ந்தது.

"பார்த்தீங்களா மாமா? நான் போடச் சொன்ன நம்பர்!" என்றான் அவன்.

லாரிக்காரர் இரண்டு புது ஆட்களைச் சேர்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் செருகிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். முதுகு மெல்ல இளகி, ஒருநாள் காலையில் யாரும் இறக்காமல் அவரே கட்டிலை விட்டு எழுந்துவந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆனால் வருகிறவர்களுக்கு வீடு மாறுவதைவிடப் படம் எடுப்பது முக்கியமாகிவிட்டது. முதல் நாளே உட்கார்ந்து ஜோக் யோசித்து வைத்தார்கள். மாமியாரே இல்லாத ஒரு பேச்சிலர், மாமியார் என்று ஒரு பெட்டியிலாவது எழுதியே தீரவேண்டும் என்று அடம்பிடித்தான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கண்ணாடிச் சரவிளக்கு இருந்த பெட்டிமேல் 'எக்ஸ் கொடுத்தது, எறிஞ்சாலும் சரி' என்று எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நெட்டை அந்தப் பெட்டிக்கு வந்தான். படித்தான். எறிந்தான்.

"ஐயோ, சும்மா எழுதச் சொன்னோம்ங்க!" என்று அந்தப் பெண் தலையில் கைவைத்தாள்.

நெட்டை பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "சும்மான்னு எங்கயும் எழுதலியே."

அன்றிலிருந்து லாரிக்காரர், உள்ளதைச் சொன்னால்தான் எழுதுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். "கிரியேட்டிவிட்டிக்கு இடமே குடுக்க மாட்டேங்கிறீங்க மாமா" என்று ஐடியா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் அந்த போன் வந்தது. வயதான குரல். ஆனால் அதைக் கேட்டதும் லாரிக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"பொட்டியில எழுதறது நீதானேப்பா?"

"ஆமாங்கம்மா."

"என் வீட்டையும் காலி பண்ணணும். நீயே வரணும்."

அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். வார்டுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பாதி நோயாளிகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமாம். லாரிக்காரர் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பெட்டியும் கட்டி அடுக்கியிருந்தது. மேலே எழுதியும் இருந்தது. முதல் பெட்டியை அவர் இரண்டு தடவை படித்தார்.

'மருமகள் கொடுத்த பிரஷர் மெஷின். அவள் வந்துபோகிற அன்றைக்கு மட்டும் ஏறிக் காட்டும்.'

"அம்மா... எந்த மருமக?"

"பல் பிடுங்கறவ. உனக்குத் தெரியுமே" என்றார் அந்த அம்மா. "அந்தப் படத்தை எனக்கு யார் யார் அனுப்பினாங்கன்னு கேளு. கூட வேலை பார்த்தவங்க, என்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க, பால்காரன். எல்லாரும் சிரிச்சு அனுப்பியிருக்காங்க. அது என் மகனோட புது வீட்டு வாசல், பெட்டிக்குள்ள என் தட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சிரிச்சு, இன்னும் நாலு பேருக்கு அனுப்பினேன். வேற என்ன பண்றது?"

"மன்னிச்சுக்குங்கம்மா. அவங்க சொன்னாங்க, நான் எழுதிட்டேன்."

"அவ சொல்றது எனக்குப் புதுசு இல்ல. அவ மனசுல இருக்கிறது அவளுக்கும் எனக்கும் நடுவுல சுவத்துக்குள்ள இருந்துச்சு. நீ எடுத்துத் தெருவுல வச்சே. அதை வச்சு உனக்கு ஆர்டர் வந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சு?"

லாரிக்காரர் மார்க்கரைச் சட்டைப்பையில் செருகினார். "என்ன பண்ணணும்னு சொல்லுங்கம்மா, பண்றேன்."

அந்த அம்மா மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மர பீரோ நின்றது. வழக்கமான பீரோ இல்லை. யாரோ மரத்தோடு கோபித்துக்கொண்டு செய்த மாதிரி இருந்தது. கழற்றுகிற ஆணி கிடையாது, பிடிக்கக் கைப்பிடி கிடையாது. "நான் மகன் வீட்டுக்குத்தான் போறேன். இது நாலாவது மாடிக்குப் போகணும். பசங்க தூக்கக் கூடாது. நீ தூக்கணும், உன் முதுகுல. அப்பதான் நமக்குள்ள சரியாப் போகும்."

மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "முதல்ல லாரியில ஏறட்டும், பார்த்துக்கலாம்" என்று அவர் முணுமுணுத்தார். ஆட்களே பீரோவை அப்போதைக்கு லாரியில் ஏற்றினார்கள்.

டாக்டரம்மாவின் புது வீட்டு வாசலில் லாரி நின்றதும் எல்லா மாடிக் கதவுகளும் திறந்துகொண்டன. அவர்கள் நெட்டையின் குரலை மறக்கவில்லை. டாக்டரம்மா நாலாவது மாடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி வெளிறிப்போய் நின்றார். நெட்டைக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. எழுதியிருந்தது, படித்தான்.

"மருமகள் குடுத்த பிரஷர் மெஷின், அவள் வந்துபோகிற அன்னிக்கு மட்டும் ஏறிக் காட்டும்!"

கீழிருந்து மேல்வரைக்கும் சிரிப்பு. டாக்டரம்மாவும் வேறுவழியில்லாமல் சிரித்தார். பக்கத்தில் நின்ற புருஷன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மருமகள் பிறந்தநாளுக்குக் குடுத்த நடக்கிற ஷூ, என்னை வெளியே அனுப்ப!"

"அய்யோ அத்தை!" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

"மருமகளுக்கு. உடைஞ்சா அழுவேன்!"

சிரிப்பு நின்றது. அந்தப் பெட்டி லாரியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நெட்டை அதைப் பச்சைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, ஒரு நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொள்ளாமல், படிப்படியாக ஏறினான். டாக்டரம்மா படியிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்தார். தங்க விளிம்பு. நடுவில் முட்டைக்கோஸ் பருமனுக்கு ரோஜாப்பூ.

"கடைக்காரன் அன்னிக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா குடுத்தான்" என்றார் மாமியார், கீழே நின்றபடி. "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்."

டாக்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

எல்லாம் ஏறிய பிறகு பீரோ மட்டும் கீழே வாட்ச்மேன் நாற்காலி பக்கத்தில் நின்றது. லாரிக்காரர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். தோள்பட்டையைப் பீரோவுக்குக் கொடுத்துக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பிடி பார்க்கிறேன்."

அந்த அம்மா கிட்டே வந்து விரலால் அவர் இடுப்பில் ஓர் இடத்தை அழுத்தினார். அவர் போட்ட சத்தத்தில் நாலாவது மாடிக் கிடார் தானாக ஒரு தடவை அதிர்ந்தது.

"எத்தனை நாளா இருக்கு இது? ஏம்மா, நீ அவன் பொண்டாட்டிதானே, தரையில போடு அவனை. காலை மடக்கு. இந்த முதுகோட இதைத் தூக்கினா, உன்னைத்தான்பா இந்தப் பீரோவுல வச்சு நாலு பேர் தூக்கணும்."

"நாங்க தூக்கிடறோம்மா" என்று புது ஆட்கள் முன்னால் வந்தார்கள்.

"தள்ளு. நீங்களா எழுதினீங்க?" தரையில் கிடந்தவர் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை உருவினார் அந்த அம்மா. பழைய பேப்பர் ஒன்றைக் கிழித்து எழுதி, பீரோக் கதவில் டேப் போட்டு ஒட்டினார். நெட்டை வழக்கப்படி உரக்கப் படித்தான்:

"லாரிக்காரர் தூக்க வேண்டியது. வேறு யாரும் தொடக் கூடாது. முதுகு சரியாகட்டும். அவசரமில்லை."

இரண்டாவது மாடிப் பெண் படம் எடுத்தாள்.

அந்தப் படம் முதல் படத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. தெரு, ஊர் என்று இல்லாமல் எங்கெங்கோ இருந்து ஆர்டர். யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பீரோ ஏறிடுச்சாங்க?" மூலைக்கடையில் டீ குடிக்கப் போனால் அங்கேயும் அதே கேள்வி. யூனிஃபார்ம் கம்பெனியின் டிரைவர்கூட சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "எப்ப அண்ணே தூக்கப்போறீங்க?" என்றான். லாரிக்காரர் தாங்கமாட்டாமல் ஒரு நாள் நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, மதியம் எல்லாரும் தூங்குகிற நேரமாகப் பார்த்து ஆட்களோடு போய் அதை மேலே ஏற்றிவிட்டு வரச் சொன்னார்.

நெட்டை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான். "வேறு யாரும் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கே அண்ணே."

ஐடியா மட்டும் தரையில் கால்படாமல் திரிந்தான். ஊர் அவனுக்காக வேலை செய்துகொண்டிருந்தது. "மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், கொஞ்ச நாளைக்குக் குணமாயிடாதீங்க" என்றான். அக்கா அவனைக் கரண்டியோடு வாசல்வரை துரத்தினாள்.

அந்த அம்மா தினமும் காலையில் போன் செய்கிறார். குப்புறப் படு, காலைத் தூக்கு, மூச்சை விடு என்று வார்டுக் குரலில் சொல்கிறார். பின்னணியில், "அத்தை, அந்தாளை விடுங்க, சாப்பிட வாங்க" என்று ஒரு குரலும் தட்டு வைக்கிற சத்தமும் கேட்கின்றன. லாரிக்காரர் பாயில் கிடந்தபடி காலைத் தூக்குகிறார். இப்போதெல்லாம் கொஞ்சம் உயரமாகவே தூக்க முடிகிறது. அதை நினைத்தால் அவருக்குக் கவலையாக இருக்கிறது.

நாலாவது மாடிக்கு ஒரு மர பீரோ, அவர் முதுகில். அது இன்னும் பாக்கி.